தேள் கொட்டினால் கத்தத்தான் வேண்டும்

கேள்வி: அமெரிக்காவில் கஞ்சா விற்க மாநில அரசு அனுமதிக்கிறது, மத்திய அரசுச் சட்டப்படி அது குற்றம் என்கிறார்கள். அந்தக் கடையில் கொள்ளை நடந்தால் என்ன செய்வார்கள்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதானே?

பதில்: முதலில் அந்தத் 'திருடன்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கொலராடோவில் 2014 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி, கேமரா வைத்து வெளிப்படையாகக் கடை நடத்துகிறவர் எப்படித் திருடன் ஆவார்? இந்தப் பழமொழியோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. கந்துவட்டிக்காரனிடம் அடி வாங்கியவர், சாராயக் கடை வாசலில் பர்ஸைப் பறிகொடுத்தவர் என்று யார் அழுதாலும் இதைச் சொல்லித்தான் வாயை அடைக்கிறோம். யோக்கியனா என்று விசாரித்துவிட்டா காயத்துக்கு மருந்து போடுவது?

அந்தக் கடைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதில்லை. போலீசுக்குப் போகிறார்கள், கேமராப் பதிவைக் கொடுக்கிறார்கள். 2021 நவம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கும்பல்கள் கடைகளைச் சூறையாடியபோது, எங்களிடம் வரி வாங்குகிறீர்களே, பாதுகாப்பு எங்கே என்று நேராகவே கேட்டார்கள்.

கோளாறு கல்லாப்பெட்டியில் இருக்கிறது. மத்தியச் சட்டத்துக்குப் பயந்து பெரிய வங்கிகள் ஒதுங்கிக்கொண்டன. விசா, மாஸ்டர்கார்டும் அப்படியே. அதனால் வியாபாரம் பெரும்பாலும் ரொக்கத்தில். கடைக்குள் கட்டுக்கட்டாகப் பணம் இருப்பது ஊருக்கே தெரியும். துப்பாக்கிக் காவலாளி, கவச வண்டி என்று செலவழிக்கிறார்கள். அந்தக் காவலாளியின் சம்பளத்தைக்கூட வரிக் கணக்கில் கழிக்கவிடாமல் தடுத்தது மத்திய வரிச் சட்டத்தில் 1982இல் வந்த 280இ என்ற பிரிவு. 2022 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் கடை ஊழியர் ஒருவரையே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இந்தக் கடைகளுக்கு வங்கிக் கதவைத் திறக்கும் மசோதா 2019இலேயே பிரதிநிதிகள் சபையில் 321-103 என்று நிறைவேறியிருந்தது. செனட்டில் படுத்துவிட்டது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

நெதர்லாந்தும் இப்படித்தான். கஞ்சாக் கடையின் முன்வாசலில் ஒருவருக்கு 5 கிராம் வரை விற்றால் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே சரக்கைப் பின்வாசல் வழியாகக் கொள்முதல் செய்வது பெரும்பாலான ஊர்களில் குற்றம். சில ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் இப்படிச் சில கடைகளின் கதவில் யாரோ கைக்குண்டைத் தொங்கவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தார் பாதுகாப்பு என்று சொல்லி, மேயர் அந்தக் கடைகளை மூட வைத்தார். குண்டைத் தொங்கவிட்டவனுக்கு வேண்டியதும் அதுதானே?