கராத்தேயிலிருந்து கிக்பாக்சிங்: எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: தமிழ்ப்பள்ளி நாளிலிருந்து கராத்தே, இப்போது பிரவுன் பெல்ட். எங்கள் ஊரில் கடைவீட்டு மாடியில் கிக்பாக்சிங் ஜிம் திறந்திருக்கிறார்கள். முதல் ஸ்பாரிங்கிலேயே (பயிற்சி மோதல்) இடது தொடை வீங்கிவிட்டது, மூக்கில் ரத்தமும் வந்தது. 'கராத்தேயை மறந்துட்டு வா' என்கிறார் கோச். மறக்கத்தான் வேண்டுமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: வேண்டாம். கிக்பாக்சிங்கே 1960களில் ஜப்பானில், கராத்தேயும் தாய்லாந்தின் முய்தாயும் கலந்து உருவானதுதான். 1993இல் கே-1 என்ற கிக்பாக்சிங் போட்டியைத் தொடங்கிய கஸுயோஷி இஷீ கராத்தே மாஸ்டர். 1996இல் அந்தப் பட்டத்தை வென்ற ஆண்டி ஹக், முழு பலத்தோடு மோதும் கியோகுஷின் கராத்தேயில் வளர்ந்தவர். கோச் சொன்னதில் பாதிதான் சரி.

சரியான பாதி எதுவென்றால், அடித்த மறுநொடி. புள்ளி முறை குமித்தேயில் (கராத்தே மோதல்) குத்து சுத்தமாகப் போய்ச் சேர்ந்ததும் நடுவர் 'யாமே' என்று நிறுத்திவிடுவார். குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைத்தால் 2, தலைக்கு உதைத்தால் 3. அதன்பிறகு உங்கள் கை எங்கே இருந்தது என்று எவரும் பார்ப்பதில்லை. கிக்பாக்சிங்கில் யாரும் நிறுத்த மாட்டார்கள். உங்கள் கியாகு சுக்கி (பின்கைக் குத்து) நெஞ்சில் பட்டுக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் ஹூக்கும் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) லோ கிக்கும் (தொடைக்கு வரும் உதை) கிளம்பிவிடும்.

முதலில் தொடை. குமித்தே நிலை நீளமானது, உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கும், முன்கால் விரல்கள் உள்ளே பார்க்கும். பாய்வதற்கு அருமையான நிலை, ஆனால் முன்காலைச் சட்டென்று தூக்க முடியாது. கண்ணாடி முன் நின்று இடது காலைத் தூக்கிப் பாருங்கள். கால் எழுவதற்கு முன் தலை பின்னால் போனால் உங்கள் நிலை நீளம். பாதங்களுக்கு நடுவே தோள் அகலம், மிஞ்சினால் இன்னும் ஒரு கையகலம். எடை இரண்டு காலிலும் சமம். முன்பாத விரல் எதிராளியைப் பார்த்து, பின்குதிகால் லேசாக எழும்பி. இப்படி நின்றால்தான் லோ கிக்கைச் 'செக்' செய்ய முடியும். முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, 45 டிகிரி வெளியே திருப்பி, கால்விரல்களை மேலே இழுத்து, முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பில் வாங்குங்கள். தாழ்வாகத் தூக்கினால் உதை தொடையிலேயே விழும். ஷின் கார்ட் (முழங்காலுக்குக் கீழ் முன்பக்க எலும்புக்கான காப்பு) போட்டுக்கொண்டு, கால்வாசி வேகத்தில், ஒரு பக்கத்துக்கு 20 தடவை பழகினால் போதும்.

அடுத்தது மூக்கு. கிஹோனில் (அடிப்படைப் பயிற்சி) ஒரு கை குத்தும்போது மறுகை இடுப்புக்கு வரும், அதுதான் ஹிகிதே. எதிராளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே குத்துவதற்கானது. கிளவுஸ் போட்ட கை எதையும் பிடிக்காது. ஆகவே குத்தாத கை கன்னத்திலேயே இருக்கட்டும். குத்திய கை போன வழியிலேயே கன்னத்துக்குத் திரும்பட்டும். நிமிர்ந்த தாடையும் கராத்தே தரும் சீதனம். மடித்த துண்டைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே வைத்து, 3 நிமிடம் ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் பயிற்சி) செய்யுங்கள். துண்டு விழும் இடம்தான் அடி வாங்கப்போகும் இடம். அகலமான 'உக்கே' தடுப்புகளையும் குறையுங்கள். முதல் குத்தைத் தட்டிவிடக் கை வெளியே போனால், இரண்டாவது குத்துக்குக் கதவு திறந்துவிடுகிறது. உள்ளங்கையால் ஓர் அங்குலம் தள்ளினாலே போதும்.

மவாஷி கெரியில் (சுழற்றி அடிக்கும் உதை) நீங்கள் முழங்காலை மடித்து, பாதத்தின் மேற்புறத்தால் சொடுக்கி இழுக்கிறீர்கள். தலைக்கு அது நன்றாகப் பலிக்கும், அதை விடாதீர்கள். விலாவுக்கு அடித்து எதிராளியின் முழங்கையில் பட்டால் உங்கள் பாத எலும்புதான் கெடும். விலாவுக்கும் அதற்குக் கீழேயும் ஷின்னால் அடியுங்கள். நிற்கும் பாதத்தின் குதிகால் எதிராளியைப் பார்க்கும் வரை திரும்பினால்தான் இடுப்பு முழுதாகச் சுழலும்.

இப்போது வைத்துக்கொள்ள வேண்டியவை. வெளியே நின்று இடைவெளியை அளப்பது, தலையாட்டாமல் கிசாமி சுக்கியோடு (முன்கைக் குத்து) பாய்வது, மாய் கெரியால் (நேர் முன் உதை) வருகிறவனை நிறுத்துவது. ஜிம்மிலேயே பழகியவர்களுக்கு இந்த வேகம் பிடிபட நாளாகும். பாய்ந்த பிறகு நிற்காமல் இருப்பதைத்தான் சேர்க்க வேண்டும்: கிசாமி, கியாகு, இடது ஹூக், வலது லோ கிக். கியாகு இடுப்பை இடப்பக்கம் திருப்புகிறது, அதே சுழற்சி ஹூக்குக்கு ஸ்பிரிங் ஆகிறது. ஹூக் திரும்பும்போது வலது கால் தானாகக் கிளம்பும். முடிந்ததும் நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

நீங்கள் படித்தது கியோகுஷின் என்றால் கணக்கு மாறும். அங்கே லோ கிக் உண்டு, முகத்துக்குக் கைக்குத்து கிடையாது. தொடைக்குப் பயப்பட வேண்டாம், முகக்காவலை மட்டும் தொடக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். ஜிம்மில் எந்த விதி என்றும் கேளுங்கள். 'ஃபுல் கான்டாக்ட்' முறையில் இடுப்புக்கு மேலேதான் உதை. கே-1 முறையில் லோ கிக்கும் முழங்கால் தாக்குதலும் சேரும்.

கைக்கட்டு 4.5 மீட்டர், ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ், வாய்க்காப்பு: இவை இல்லாமல் ஏறாதீர்கள். வீட்டு அஞ்சடியில் (முன்நடை) குத்துப் பை தொங்கவிடுவதென்றால் உரச்சாக்கில் மணல் வேண்டாம். அது அடியில் இறங்கிக் கல்லாகி மணிக்கட்டையும் ஷின்னையும் கெடுக்கும். பழைய துணிகளை இறுக்கித் திணித்து 25 முதல் 30 கிலோ வரை கொண்டுவாருங்கள்.

வீங்கிய தொடைக்கு முதல் 2, 3 நாள் தைலம் போட்டு உருவிவிடக் கூடாது, சூட்டு ஒத்தடமும் கூடாது. ஆழமான ரத்தக்கட்டை அழுத்தி உருவினால் தசைக்குள் எலும்பு வளரும் ஆபத்து உண்டு. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை வையுங்கள். முழங்காலை 90 டிகிரி வரை மடக்க முடியவில்லை என்றால் கிளினிக்கில் காட்டுங்கள். வலியில்லாமல் குந்தி எழும் வரை ஸ்பாரிங் வேண்டாம்.