பெயின்டரின் மதிப்பீட்டுச் சீட்டில் ‘மானோ’

கேள்வி: வலென்சியாவில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். பெயின்டர் கொடுத்த மதிப்பீட்டில் ‘மானோ தே ஓப்ரா’ என்று ஒரு தொகை இருக்கிறது. அதன் கீழே ‘தோஸ் மானோஸ்’ என்று எழுதியிருக்கிறார். ஸ்பானிய அகராதியில் மானோ என்றால் கை. இரண்டு ஆட்களுக்குத் தனித்தனியாகப் பணம் கேட்கிறாரா?

பதில்: இல்லை. அந்தச் சீட்டில் ஆள் கணக்கே கிடையாது. ‘மானோ தே ஓப்ரா’ என்பது கூலி. ‘தோஸ் மானோஸ்’ என்பது இரண்டு கோட்டிங். சுவரில் பெயின்டை ஒருமுறை முழுக்கப் பூசினால் அது ஒரு மானோ. ஒருவரே தனியாக வந்து இரண்டு ‘மானோ’ அடித்துவிட்டுப் போவார்.

கூலியையும் பொருள் விலையையும், அதாவது ‘மாதெரியாலெஸ்’ என்பதையும், தனித்தனி வரிகளாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்பெயினில் ‘ஈவா’ என்னும் மதிப்புக் கூட்டு வரி பொதுவாக 21 சதவீதம். சொந்தக் குடியிருப்புக்காகத் தனிநபர் செய்துகொள்ளும் பழுதுபார்ப்பு வேலைக்கு அது 10 சதவீதமாகக் குறையும். ஆனால், வீடு கட்டி முடித்து இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். வேலை செய்பவர் வாங்கித் தரும் பொருள்களின் விலையும் மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் போட்டிருந்தால், பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘ஓ’வில் முடிந்தாலும் மானோ பெண்பால், லத்தீனிலிருந்து அப்படியே வந்தது. எனவே பெண்பாலுக்குரிய ‘லா’ சேர்த்து ‘லா மானோ’தான், ஆண்பாலுக்குரிய ‘எல்’ சேர்த்து ‘எல் மானோ’ இல்லை. பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் சொல். ‘ஆ மானோ தெரேச்சா’ என்றால் வலப்பக்கம்; வழி கேட்டால் தினமும் காதில் விழும். ‘தே செகுந்தா மானோ’ பழைய பொருள், அதாவது செகண்ட் ஹேண்ட். ‘ஏச்சார் ஊனா மானோ’ ஒத்தாசை செய்வது. ‘கோன் லாஸ் மானோஸ் என் லா மாசா’ என்றால் மாவில் கை வைத்தபடியே அகப்படுவது. நாம் கையும் களவுமாகப் பிடிபட்டான் என்கிறோமே, அதேதான்.

சமையலறையில் இந்தச் சொல் இன்னும் சுவாரசியமானது. உரலில் இடிக்கும் சிறு உலக்கைக்கும் மானோ என்றே பெயர். மெக்சிகோவில் ‘மெத்தாத்தே’ என்னும் அம்மியில் மக்காச்சோளம் அரைக்கும் குழவியும் மானோதான். லத்தீன் அமெரிக்காவில் வாழைத்தாரின் ஒரு சீப்பும் மானோ. இறைச்சிக் கடைப் பலகையில் ‘மானித்தாஸ் தே செர்தோ’ என்று இருந்தால் அது பன்றிக்கால். அதே ‘மானித்தாஸ்’, ஆளைக் குறிக்கும்போது, வீட்டில் எது பழுதானாலும் தானே சரிசெய்துவிடும் கைத்திறன்காரர் ஆகிவிடும்.

சீட்டாட்டத்தில் மானோ என்பது முதலில் ஆடும் உரிமை பெற்றவர். ‘முஸ்’ ஆட்டத்தில் இருவர் கையிலும் சமமான சீட்டு இருந்தால் மானோவுக்கே வெற்றி. மெக்சிகோக்காரர் தோளில் தட்டி ‘மானோ’ என்று கூப்பிட்டாலோ, அது சகோதரன் என்று பொருள்படும் ‘எர்மானோ’வின் சுருக்கம், நம் ‘தம்பி’ போல. அதற்கும் கைக்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘மெத்தேர் மானோ’ என்பது, இன்னொருவர்மீது பிரயோகித்தால், தகாத முறையில் தொடுவதைக் குறிக்கும். உதவிக்கு வருகிறேன் என்று சொல்ல நினைத்து அதைச் சொல்லிவிடாதீர்கள், ‘ஏச்சார்’ போதும்.

பெயின்டரிடம் கேட்க இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த இரண்டு மானோவில் ‘இம்ப்ரிமாசியோன்’, அதாவது பிரைமர், சேர்த்தியா, இல்லை அது தனியா? பழைய சுவர் என்பதால் இதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.