ஒரு ஓட்டில் போன ஆட்சி: மத்தியக் கூட்டணி அரசுகள் குறித்து வாசகர் கேள்விகள்

தனிப்பெரும்பான்மை இல்லாத மக்களவை அமையும்போதெல்லாம் இதே கேள்விகள் திரும்பி வருகின்றன. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

யாருக்கும் 272 இல்லை. குடியரசுத் தலைவர் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்? தனிப்பெரும் கட்சியையா, பெரிய கூட்டணியையா?

அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவு பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. மற்றதெல்லாம் மரபு. அதிலும் இரண்டு விதமான மரபுகள் உண்டு.

1989இல் ஆர்.வெங்கட்ராமன் எண்ணிக்கை வரிசைப்படி போனார். 197 இடம் பெற்ற காங்கிரஸைத்தான் முதலில் அழைத்தார். ராஜீவ் காந்தி வேண்டாம் என்றதும் வி.பி.சிங்கை அழைத்து, 30 நாளில் பெரும்பான்மையை நிரூபிக்கச் சொன்னார். 1996இல் சங்கர் தயாள் சர்மாவும் அதே வழியில் 161 இடம் வைத்திருந்த பாஜகவை அழைத்தார். வாஜ்பாயின் அந்த முதல் ஆட்சி 13 நாளில் முடிந்தது.

1998இல் கே.ஆர்.நாராயணன் முறையை மாற்றினார். முதலில் ஆதரவுக் கடிதங்களைக் காட்டுங்கள், பதவியேற்பு பிறகு என்றார். அதிமுகவின் கடிதம் வந்து சேரும்வரை டெல்லி காத்திருந்தது அப்போதுதான். இரண்டில் நாராயணன் வழியே உருப்படியானது. பதவியேற்ற பிறகு ஆள் தேடும் அரசுக்குக் குதிரை பேரத்தைத் தவிர வேறு வேலை இருக்காது.

மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் சொன்ன வரிசையைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள்: முதலில் தேர்தலுக்கு முந்தைய கூட்டணி, அடுத்து பிறர் ஆதரவோடு உரிமை கோரும் தனிப்பெரும் கட்சி, பிறகு தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டணி. அது ஆளுநர்களுக்காகச் சொல்லப்பட்டது. குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்தாது.

ஆதரவுக் கடிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்? கொடுத்த பிறகு திரும்பப் பெறலாமா?

சட்டத்தில் இதற்குப் படிவம் எதுவும் கிடையாது. நாடாளுமன்றக் கட்சித் தலைவரின் கையெழுத்து, எத்தனை எம்.பி.க்கள் என்ற எண்ணிக்கை, யாருடைய தலைமையில் அமையும் அரசுக்கு ஆதரவு என்பது ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். சிக்கல் வருவது பட்டியலில்தான். 1979 ஜூலையில் மொரார்ஜி தேசாய் விலகிய பின் குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி அவரிடமும் சரண் சிங்கிடமும் ஆதரவாளர் பட்டியல் கேட்டார். மொரார்ஜியின் பட்டியலில் இருந்த சில பெயர்கள் சர்ச்சைக்குள்ளாயின. பிரதமர் பதவி சரண் சிங்குக்குப் போனது.

எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஆனால் வாபஸ் கடிதம் வந்த அன்றே ஆட்சி போய்விடாது. குடியரசுத் தலைவர் அவையில் நிரூபிக்கச் சொல்வார், வாக்கெடுப்புதான் முடிவு செய்யும். 2008 ஜூலை 8இல் இடதுசாரிகள் ஆதரவை விலக்கினார்கள். வாக்கெடுப்பு நடந்தது ஜூலை 22இல். இடைப்பட்ட இரண்டு வாரத்தில் சமாஜ்வாதி கட்சி கைகொடுக்க, மன்மோகன் சிங் அரசு 275–256 என்று பிழைத்துக்கொண்டது.

அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தருவதாகச் சொல்கிறார்கள். பதவி கேட்காத ஆதரவுதானே பத்திரமானது?

நேர் எதிர். மத்திய அரசுகள் கவிழ்ந்த வரலாற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஏற்பாட்டின் வரலாறுதான்.

காங்கிரஸ் வெளியிலிருந்து தாங்கிய பிரதமர்கள் நான்கு பேர். சரண் சிங் 1979 ஜூலை 28இல் பதவியேற்றார். அவையைச் சந்திக்க வேண்டிய ஆகஸ்ட் 20இல் ஆதரவு போனது, நாடாளுமன்றத்துக்குள் போகாமலேயே ராஜினாமா செய்தார். சந்திரசேகர் 1990 நவம்பர் 10இல் வந்தார். ராஜீவ் வீட்டை ஹரியானா போலீஸார் வேவு பார்த்தார்கள் என்ற விவகாரம் வெடிக்க, 1991 மார்ச் 6இல் விலகினார். தேவகவுடாவுக்குப் பத்து மாதம், குஜ்ராலுக்கு ஏழு மாதம். நால்வரில் ஒருவர்கூட ஓராண்டை எட்டவில்லை. பாஜகவும் இடதுசாரிகளும் இரு பக்கமும் முட்டுக்கொடுத்த வி.பி.சிங் அரசும் பதினோரு மாதம்தான். அத்வானி சமஸ்திபூரில் கைதானதும் பாஜக விலகியது, நவம்பர் 7இல் 142–346 என்று அரசு தோற்றது.

வெளியில் இருப்பவருக்கு இழக்க எதுவும் இல்லை. விலைவாசி ஏறினால் பழி அவர்மேல் வராது, அரசு கவிழ்ந்தால் அவர் கட்சியில் யாரும் பதவி இழக்க மாட்டார்கள். அதே நேரம் தேர்தலை எப்போது வரவழைப்பது என்ற சாவி அவர் கையில் இருக்கும். வாபஸுக்குச் சொல்லப்படும் காரணத்தைவிட, அன்று தேர்தல் வந்தால் தனக்கு லாபம் என்று அந்தக் கட்சி நினைத்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும்.

இன்னொன்று, யார் பெரியவர் என்பது. சந்திரசேகருக்குச் சுமார் 60 எம்.பி.க்கள்தான். அவரைத் தாங்கிய காங்கிரஸோ அதைப்போல மூன்று மடங்கு. அப்படிப்பட்ட அரசு நிலைக்காது. 2004இல் நிலைமை வேறு. காங்கிரஸ் 145, வெளியில் இருந்த இடதுசாரிகள் 60 அளவில். அவர்களால் மாற்று அரசு அமைக்கவும் முடியாது, மறுதேர்தலால் ஆதாயமும் இல்லை. அதனால் அந்த ஏற்பாடு நான்கு ஆண்டு ஓடியது.

நம்பிக்கைத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம்: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை எதிர்த்தரப்பு கொண்டுவரும். மக்களவை விதி 198இன்படி அன்று காலை 10 மணிக்குள் நோட்டீஸ் தர வேண்டும், குறைந்தது 50 பேர் எழுந்து நின்று ஆதரிக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் பத்து நாளுக்குள் விவாதம். நம்பிக்கைத் தீர்மானத்தை அரசே கொண்டுவரும். அமைச்சரவை மீது இந்த அவை நம்பிக்கை தெரிவிக்கிறது என்ற ஒற்றை வரி. இதற்கென்று தனி விதி இல்லை, பொதுவான தீர்மானங்களுக்கான விதி 184இன்கீழ் எடுத்துக்கொள்கிறார்கள்.

மத்தியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றுகூட இதுவரை வென்றதில்லை. 1990, 1997, 1999 மூன்று முறையும் அரசு விழுந்தது தான் கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானத்தில் தோற்றுத்தான். மொரார்ஜி, தன்மீதான தீர்மானம் ஓட்டுக்கு வரும் முன்பே விலகிவிட்டார்.

நோட்டீஸ் கொடுத்தும் தீர்மானம் நகராமல் போவதற்கு வழக்கமான காரணம் கூச்சல். 2018 மார்ச்சில் தெலுங்கு தேசமும் ஒய்எஸ்ஆர் காங்கிரஸும் நோட்டீஸ் கொடுத்தன. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அதிமுக எம்.பி.க்களும், வேறு கோரிக்கைகளோடு பிறரும் அவையின் மையப்பகுதியில் நின்றதால், அவை ஒழுங்கில் இல்லை, 50 பேரை எண்ண முடியவில்லை என்று சபாநாயகர் ஒத்திவைத்துக்கொண்டே போனார். ஜூலையில்தான் விவாதம் நடந்தது.

1999இல் வாஜ்பாய் அரசை ஒரு ஓட்டில் கவிழ்த்தது யார்?

ஒருவரைக் கைகாட்டுவது எளிது. கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை.

1999 ஏப்ரல் 14இல் 18 எம்.பி.க்கள் கொண்ட அதிமுக விலகியது. அதன் அணியில் வென்ற பாமகவும் மதிமுகவும் கூடவே போகாமல் வாஜ்பாயிடமே தங்கின. எதிரணியில் இருந்த திமுகவின் 6 பேர் அரசுக்கு ஆதரவாக வந்தார்கள். அதனால்தான் 17ஆம் தேதி வாக்கெடுப்பு மயிரிழைக்கு வந்தது: ஆதரவு 269, எதிர்ப்பு 270.

இப்போது எதிர்ப்பு ஓட்டுகளைப் பாருங்கள். காங்கிரஸின் கிரிதர் கமாங் இரண்டு மாதம் முன்பே ஒடிசா முதல்வர் ஆகியிருந்தார், ஆனால் எம்.பி. பதவியை விடவில்லை. ஆறு மாதம் வரை சட்டமன்ற உறுப்பினராக இல்லாமலும் முதல்வராக இருக்கலாம் என்பதால் அதில் சட்டமீறல் இல்லை. ஓட்டுப் போடுவதைச் சபாநாயகர் பாலயோகி அவரது மனசாட்சிக்கே விட்டார். போட்டார். அவர் போடாமல் இருந்திருந்தால் 269–269. அப்போது அரசியல் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி சபாநாயகரே தீர்மானிக்கும் ஓட்டைப் போட்டிருக்க வேண்டும். அவரது கட்சியான தெலுங்கு தேசம் அரசின் பக்கம் நின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் எப்படி ஓட்டளிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா இட்ட உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டளித்தார். அவர் மாறிப் போட்டிருந்தால் 270–269, அரசு பிழைத்திருக்கும். எதிர்க்க மாட்டார்கள் என்று ஆளுந்தரப்பு நம்பியிருந்த பகுஜன் சமாஜின் ஐந்து ஓட்டும் எதிராக விழுந்தது. ஆக, தோல்விக்குக் காரணம் ஒரு ஓட்டு இல்லை, கடைசி நேரத்தில் எண்ணிப் பார்க்காமல் விட்ட பல ஓட்டுகள்.

இத்தகைய வாக்கெடுப்பின் போது மூன்றரை நிமிடம் மணி அடிக்கும், பிறகு அவையை ஒட்டிய உள்கூடத்தின் கதவுகளை அடைத்துவிடுவார்கள். பொத்தானில் ஓட்டு பதிவாகாதவர்களுக்குச் சீட்டு தரப்படும்: பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை. நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்த உறுப்பினருக்காகக் கதவு மறுபடி திறக்காது. அதனால்தான் இப்படிப்பட்ட நாட்களில் கொறடாக்கள் காலையிலிருந்தே தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கொறடா உத்தரவை மீறிப் போட்ட ஓட்டு செல்லுமா?

செல்லும். ஓட்டு எண்ணப்படும், தண்டனை பிறகு வரும். 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவி பறிபோகலாம், அதைத் தீர்மானிப்பவர் சபாநாயகர். சோஸைக் கட்சி நீக்கியது. ஆனால் ஏப்ரல் 26இல் அவையே கலைக்கப்பட்டுவிட்டது.

ஒரு கட்சியின் கொறடா கூட்டணியின் இன்னொரு கட்சியைக் கட்டுப்படுத்த முடியாது. கூட்டணியை மாற்றுவது கட்சித் தாவல் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் பிளவாக ஏற்கப்படும் என்ற சலுகை 2003இல் 91ஆவது திருத்தத்தால் போய்விட்டது. இப்போது மூன்றில் இரண்டு பங்கினர் இன்னொரு கட்சியோடு இணைந்தால் மட்டுமே தப்பலாம்.

கூட்டணிக் கட்சிகளைத் திருப்திப்படுத்த எத்தனை பேரை வேண்டுமானாலும் அமைச்சராக்கலாமா?

முன்பு முடிந்தது. அதே 91ஆவது திருத்தம் மக்களவை பலத்தில் 15 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்துவிட்டது. 543இல் பிரதமரையும் சேர்த்து 81.

கவிழ்ந்த அரசு காபந்து அரசாக இருக்கும்போது என்னென்ன செய்யலாம்?

காபந்து அரசு என்ற சொல்லே அரசியல் சட்டத்தில் இல்லை. அவை கலைந்தாலும் குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்ல ஓர் அமைச்சரவை இருந்தே ஆக வேண்டும் என்று 1971இல் யு.என்.ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய கொள்கை முடிவுகளை எடுக்கக் கூடாது என்பது மரபு மட்டுமே.

மரபு எவ்வளவு வளையும் என்பதற்கு 1991ஐப் பாருங்கள். சந்திரசேகர் ராஜினாமா செய்தபின் ஜூன் 21 வரை தொடர்ந்தார். அந்நியச் செலாவணி கையிருப்பு வற்றிய நேரம். மே மாதத்தில் 20 டன் தங்கம், திரும்ப வாங்கும் உரிமையோடு, ஸ்டேட் வங்கி வழியாக ஒரு சுவிஸ் வங்கிக்கு விற்கப்பட்டது. 1999இல் கார்கில் போரை நடத்தியதும் வாக்கெடுப்பில் தோற்ற அரசுதான்.

பண விஷயம்தான் உண்மையான நெருக்கடி. மார்ச் 31க்குள் செலவுக்கு அனுமதி இல்லாவிட்டால் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. 1991இல் முழு பட்ஜெட் போட முடியாமல் இடைக்கால ஏற்பாட்டோடு நிறுத்தினார்கள். 1999இல் அரசு தோற்ற பிறகு, எதிர்க்கட்சிகளின் சம்மதத்தோடு பட்ஜெட் விவாதமின்றி நிறைவேறியது.

மத்திய அமைச்சரவையில் திராவிடக் கட்சி முதலில் இடம்பெற்றது 1989இல் முரசொலி மாறன் வழியாகத்தானே?

பலரும் அப்படி நினைக்கிறார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1979 ஆகஸ்டில், சரண் சிங் அமைச்சரவையில் அதிமுகவின் சத்தியவாணி முத்துவும் பாலா பழனூரும் சேர்ந்தார்கள். அவர்கள் பதவியேற்ற மறுநாளே அரசு ராஜினாமா செய்தது. 1989இன் வேடிக்கை வேறு: அந்தத் தேர்தலில் திமுகவுக்கு மக்களவையில் ஒரு இடமும் இல்லை, மாறன் மாநிலங்களவை வழியாக அமைச்சரானார்.

கவிழ்ப்பவர்களே மாற்று அரசையும் காட்ட வேண்டும் என்று சட்டம் போட முடியாதா?

ஜெர்மனியில் அப்படித்தான். அதன் அடிப்படைச் சட்டத்தின் 67ஆவது பிரிவுப்படி, புதிய பிரதமரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் பழையவரை நீக்க முடியும். 1982 அக்டோபர் 1இல் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அந்த வழியில்தான்.

அந்த விதி இங்கே இருந்திருந்தால் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் தொடர்ந்திருப்பார். ஆட்சியைக் கவிழ்த்த 270 பேரில் இடதுசாரிகள், காங்கிரஸ், முலாயம் சிங், மாயாவதி, ஜெயலலிதாவின் அதிமுகவினர் என எல்லோரும் இருந்தார்கள், ஒரு பிரதமர் பெயரில் அவர்களால் ஒன்றுசேர முடியவில்லை. 272 பேர் இருப்பதாகச் சோனியா காந்தி சொன்னார், முலாயம் கைவிரித்தார், தேர்தல் வந்தது. ஆனால் இந்த விதிக்கு ஒரு விலையும் உண்டு: பெரும்பான்மை இழந்த அரசு, சட்டம் எதையும் நிறைவேற்ற முடியாமல், பதவியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இங்கே இதைக் கொண்டுவர வெறும் மக்களவை விதித் திருத்தம் போதாது. அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பானது என்று சொல்லும் 75(3)ஆவது பிரிவையே தொட வேண்டியிருக்கும்.