கூட்டமாய் மலையேறும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நண்பர்கள் 20 பேரை மலைக்கு அழைத்துப் போகிறேன். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய்விடுகிறார்கள், சிலர் வெகுதூரம் பின்தங்கிவிடுகிறார்கள். என்ன செய்வது? (வாசகர், மதுரை)

பதில்: முதலில் பத்துப் பத்துப் பேராக இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் வழி தெரிந்த ஒருவர் முன்னால், அனுபவமுள்ள ஒருவர் கடைசியில். முன்னவரைத் தாண்டி யாரும் போகக்கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. மருந்துப் பை கடைசி ஆளிடம் இருக்கட்டும். சுளுக்கும் மயக்கமும் பெரும்பாலும் பின்வரிசையில்தான் வரும்.

மெதுவாக நடப்பவரை முன்னவருக்கு அடுத்து, இரண்டாவதாக நடக்க விடுங்கள். வரிசையில் முன்னால் ஏற்படும் சின்னத் தயக்கம் ஒவ்வொன்றும் பின்னால் போகப்போகப் பெருகும். அதனால் கடைசியில் இருப்பவர் ஓடி ஓடிச் சேர வேண்டியிருக்கும். அவர் வந்து சேரும் நேரத்தில் முன்னே உட்கார்ந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். ஆகவே ஐந்து நிமிட ஓய்வைக் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள். பாதை பிரியும் இடத்திலும் ஓடையைக் கடக்கும் இடத்திலும் எல்லோரும் வரும்வரை நில்லுங்கள். நீங்கள் தலை எண்ணுவதைவிட, ஆளுக்கோர் எண் கொடுத்து வரிசையாகச் சொல்லச் செய்வது மேல். விடுபட்ட எண் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எப்படிக் கணக்கிடுவது? (வாசகி, கோவை)

பதில்: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. இது நெய்ஸ்மித் என்பவர் 1892-இல் சொன்ன கணக்கு. போக 5 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால் மேலே செல்ல இரண்டரை மணி. ஆனால் இது நல்ல உடல்வலு உள்ளவர் நிற்காமல் நடக்கும் நேரம். பலதரப்பட்ட கூட்டத்துக்கு இதில் பாதியைக் கூட்டுங்கள்: மூன்றே முக்கால் மணி. காலை 6.30-க்குக் கிளம்பினால் 10.15-க்கு உச்சி.

இதோடு 'திரும்பும் நேரம்' ஒன்றையும் கிளம்புமுன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இந்த நடைக்கு 10.45 போதும். உச்சி 200 மீட்டர் தள்ளித் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள். கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மேற்குப் பக்கம் மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் சூரியன் மறையுமுன்பே வெளிச்சம் குறைந்துவிடும். மேலே நின்று அங்கேயே முடிவெடுக்கப் பார்த்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

கேள்வி: பிப்ரவரி, மார்ச்சில் போகலாமா? (வாசகர், தேனி)

பதில்: காய்ந்த புல் மலைகளுக்கு வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது உங்கள் மாவட்டத்தில்தான். சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். சுவாலை மேலுள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. புல்வெளி வழியாக மேலே ஓடித் தப்ப நினைப்பது அதனால்தான் ஆபத்து. வெறும் பாறை, ஓடை, அல்லது ஏற்கெனவே எரிந்து அணைந்த இடம், இவைதான் அடைக்கலம். நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும், பருத்தியே அணியுங்கள். வனத்துறை அனுமதி இல்லாத பாதைக்கு எந்தக் காலத்திலும் கூட்டத்தை அழைத்துப் போகாதீர்கள். விபத்து என்றால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்றே வெளியில் தெரியாது.

கேள்வி: பாம்பு கடித்தால்? ஒருவர் வழி தவறினால்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், கொலுசு, செருப்பைக் கழற்றி, காலை அசைக்காமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வழி தவறியவர் அலையாமல் அங்கேயே நிற்க வேண்டும் என்று கிளம்புமுன்பே சொல்லிவையுங்கள். எல்லோர் கழுத்திலும் விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் தரலாம்.