'வந்த பிறகு' உண்டு, 'வந்த முன்' ஏன் இல்லை?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு பி1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வினையடைத் துணைவாக்கியங்களில் மாட்டிக்கொண்டேன். 'முன்' என்று பொருள்படும் 'அவான் கெ' வந்தால் சுப்ஜோன்க்திஃப், 'பிறகு' என்று பொருள்படும் 'அப்ரே கெ' வந்தால் ஏந்திகாதிஃப் என்று, பிரெஞ்சு வினை எடுக்கும் இரண்டு வடிவங்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். முன்னும் பின்னும் ஒரே ஜோடிதானே, ஏன் இந்த வித்தியாசம்? பிரெஞ்சு வானொலியைக் கேட்டால் 'அப்ரே கெ'வுக்கும் சுப்ஜோன்க்திஃப் காதில் விழுகிறது. அப்புறம் 'அவான் கில் ந பார்த்' என்று ஓரிடத்தில் படித்தேன். அந்த 'ந' எதிர்மறையா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் முதல் கேள்விக்கு நீங்கள் தினமும் பேசும் தமிழிலேயே விடை இருக்கிறது. 'நேற்று அவன் வருவதற்கு முன் நான் கிளம்பிவிட்டேன்' என்கிறோம். அவன் நேற்றே வந்தாயிற்று. ஆனாலும் 'வந்த முன்' என்று யாரும் சொல்வதில்லை. 'வருவதற்கு முன்', 'வருமுன்' என்று இனிமேல் நடக்கப்போவதைப் போலத்தான் சொல்கிறோம். மறுபக்கம் பாருங்கள்: 'நாளை அவன் வந்த பிறகு பேசலாம்.' அவன் இன்னும் வரவே இல்லை, இருந்தும் 'வந்த' என்று இறந்தகாலப் பெயரெச்சம். இந்த இடத்தில் தமிழ் நேற்றா நாளையா என்று பார்ப்பதில்லை. முக்கிய வினை நடக்கும்போது மற்ற காரியம் முடிந்திருந்ததா என்று மட்டும் பார்க்கிறது.

பிரெஞ்சும் இதையேதான் பார்க்கிறது. நாம் எச்சத்தின் காலத்தால் காட்டுவதை அவர்கள் வினையின் பாங்கால் காட்டுகிறார்கள். நடந்ததாக எடுத்துச் சொல்ல ஏந்திகாதிஃப், இன்னும் நிகழாமல் மனதில் மட்டும் இருப்பதற்கு சுப்ஜோன்க்திஃப். 'அவன் கிளம்புமுன்' என்பதற்கு 'அவான் கில் பார்த்'. கடைசியில் ஒலிக்கும் அந்த 'த்'தான் சுப்ஜோன்க்திஃபின் அடையாளம். ஏந்திகாதிஃபில் வெறும் 'பார்' என்று நின்றுவிடும். 'அவன் கிளம்பிய பிறகு' என்பதற்கு 'அப்ரே கில் ஏ பார்தி'. அதே கணக்குதான் 'ஜுஸ்கா ஸ கெ'வுக்கும் 'தே கெ'வுக்கும். முதலாவது நம் 'வரும் வரை', ஆகவே சுப்ஜோன்க்திஃப். இரண்டாவது 'வந்ததும்', ஆகவே ஏந்திகாதிஃப். 'எனக்குப் புரிவதற்காக மெதுவாகப் பேசினார்' என்னும்போது புரிதல் இன்னும் நடக்கவில்லை, நோக்கமாகத்தான் இருக்கிறது. அதனால் 'பூர் கெ'வும் சுப்ஜோன்க்திஃபைத்தான் கேட்கும்.

இதை எல்லா இடத்துக்கும் நீட்டிவிடாதீர்கள். 'போது' என்று பொருள்படும் 'கான்' வரும் வாக்கியத்தில் 'நாளை அவன் வரும்போது' என்றாலும் ஏந்திகாதிஃபின் எதிர்காலம்தான். காரணம் சொல்லும் 'பார்ஸ் கெ', 'புயிஸ்க்' இரண்டிலும் சிக்கலே இல்லை, ஏந்திகாதிஃப்.

வானொலியில் நீங்கள் கேட்டது சரிதான், உங்கள் காதில் கோளாறு இல்லை. 'அப்ரே கில் ஸுவா பார்தி' என்று படித்த பிரெஞ்சுக்காரர்களே தாராளமாகச் சொல்கிறார்கள். பெரிய காரணம் 'அவான் கெ'வின் இழுப்பு, ஜோடி என்பதால் ஒன்றைப் போல மற்றதும் ஆகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த காரணம் வேறொன்று. பழைய எழுத்து நடையில் 'அப்ரே கில் ஃபியூ பார்தி' என்று எழுதுவார்கள், அது ஏந்திகாதிஃப். அந்த 'ஃபியூ'வின் உயிரெழுத்துத் தலையில் ஒரு சிறு கூரைக்குறி போட்டால் அதுவே சுப்ஜோன்க்திஃப் ஆகிவிடும், ஒலி துளியும் மாறாது. காதால் மட்டும் கேட்பவருக்கு இது எந்தப் பாங்கு என்று எப்படித் தெரியும்? பிரெஞ்சு அகாதெமி இன்றும் ஏந்திகாதிஃபையே வலியுறுத்துகிறது. தேர்வில் அதையே எழுதுங்கள். பேச்சில் மற்றது வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

'அவான் கில் ந பார்த்' எதிர்மறை அல்ல. அதுவும் 'அவன் கிளம்புமுன்'தான். எழுத்து நடையில் அந்த 'ந' விருப்பப்படி வரும், பொருளை மாற்றாது. நமக்கு இது புதிதும் இல்லை. திருக்குறளில் 'வருமுன்னர்க் காவாதான்' என்று ஒரு குறள் தொடங்குகிறது. நிலையாமை அதிகாரத்திலோ 'விக்குள்மேல் வாராமுன்' என்று எதிர்மறை வடிவம் வருகிறது. இரண்டிலும் சொல்வது வருவதற்கு முன் என்பதைத்தான். இன்னும் வராததை 'வாரா' என்று சொல்வது எவ்வளவு இயல்பு! பிரெஞ்சின் 'ந'வும் அதே உணர்விலிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன்.

நம் காது கைவிடும் இடம் 'இருந்தாலும்' என்று பொருள்படும் 'பியேன் கெ'. 'மழை பெய்தாலும் போகிறேன்' என்கிறோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம். அப்படியும் பிரெஞ்சில் சுப்ஜோன்க்திஃப். மழையை நான் இங்கே செய்தியாகச் சொல்லவில்லை, ஒதுக்கிவைத்துவிட்டு என் போக்கைத்தான் சொல்கிறேன் என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஓரளவுதான் எனக்கு அது நிறைவு தருகிறது, ஏனென்றால் 'ஒருவேளை பெய்தாலும்' என்ற பொருளில் வரும் 'மேம் ஸி' ஏந்திகாதிஃப் எடுக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'பெய்தாலும்'. ஆகவே 'பியேன் கெ', அதே பொருள்தரும் 'குவாக்' இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

நம்மவர்கள் அடிக்கடி இடறுவது இன்னொரு இடத்தில். இரண்டு வினைக்கும் ஆள் ஒருவரே என்றால் 'கெ' வேண்டியதில்லை. 'நான் கிளம்புமுன் சாப்பிடுகிறேன்' என்பதற்கு 'அவான் த பார்தீர்' போதும், 'சாப்பிட்ட பிறகு' என்பதற்கு 'அப்ரே அவ்வார் மான்ஜே'. இந்த வடிவங்களில் சுப்ஜோன்க்திஃப் கேள்வியே எழாது.