8,000 ரூபாய்க்கு 500 இணைப்புகள்

கேள்வி: அப்பாவின் ஏலக்காய் வியாபாரத்துக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையதளம் தொடங்கினேன். கூகுளில் தேடினால் நான்காம் பக்கத்துக்கு முன்னால் எங்கள் கடை வருவதே இல்லை. 8,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் 500 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) போட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? கூடாதென்றால் நேர்மையான வழி என்ன?
- வாசகர், குமுளி

பதில்: கொடுக்க வேண்டாம். பிற தளங்களிலிருந்து வரும் இணைப்புக்கு ஏன் மதிப்பு வந்தது என்று தெரிந்துகொண்டால், காரணம் உங்களுக்கே விளங்கும். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையை முன்வைத்தபோது, ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டுவதைப் போலவே ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளைக் கருதினார்கள். எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பதோடு, சுட்டுகிறவருக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதும் கணக்கில் சேர்ந்தது. அதாவது இணைப்பு என்பது ஒரு சாட்சி. போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்கும் ஏலத்தில் 500 பேரைக் கூலிக்கு நிறுத்தி 'இது நல்ல காய்' என்று சொல்லவைத்தால் எந்த வியாபாரி நம்புவார்? மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, நிறத்தையும் பருமனையும் பார்த்த பிறகுதானே விலை கேட்பார்.

கூலிச் சாட்சி எடுபட்ட காலமும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உறவினர் ஒருவரின் தங்கும் விடுதித் தளத்துக்கு 2011இல் நானே இப்படி இணைப்புகள் வாங்கிக் கொடுத்தேன். சில மாதங்கள் முதல் பக்கத்தில் இருந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்த பிறகு, விடுதியின் பெயரை முழுதாக எழுதித் தேடினால்தான் தளம் கண்ணில் பட்டது. இணைப்புகளை நீக்கும்படி ஒவ்வொரு தளத்துக்கும் எழுதினேன். நீக்குவதற்கும் பணம் கேட்டவர்கள் உண்டு. இன்று நிலைமை இன்னும் இறுகிவிட்டது. 2022 டிசம்பரிலிருந்து கூகுளின் ஸ்பாம்பிரெய்ன் என்ற கணினி ஏற்பாடே வாங்கிய இணைப்புகளைக் கண்டுபிடித்து, அவற்றின் பலனை ஓசையில்லாமல் கழித்துவிடுகிறது. கூகுளின் ஆய்வாளர் கண்ணில் பட்டால் தளத்தின் மீது நேரடி நடவடிக்கையும் வரலாம்.

இனி உங்கள் தளத்துக்கு வருவோம். முகப்பில் எங்கிருந்தோ எடுத்த ஒரு படம், 'தரமான ஏலக்காய் கிடைக்கும்' என்ற ஒரு வரி, ஒரு வாட்ஸ்அப் எண் ஆகியவைதான் இருக்கின்றன. இதைப் பிறர் எதற்காகச் சுட்ட வேண்டும்? ஆனால் சுட்டத் தக்க விஷயங்கள் உங்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகும் கதையை, காயை உலர்த்தும் ஸ்டோரில் வெப்பம் கூடிப்போனால் பச்சை நிறம் எப்படிப் போகிறது என்பதை, எட்டு எம்எம் சல்லடையில் எது நிற்கிறது, எது விழுகிறது என்பதை, உங்கள் ஸ்டோரிலேயே எடுத்த படங்களோடு எழுதுங்கள். நறுமணப் பொருட்கள் வாரியம், புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்னணு ஏலங்களில் வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை ஆகியவற்றைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. பருமனும் நிறமும் கூடிய சிறு குவியலுக்குக் கிடைத்த உச்ச விலையைக் கேட்டுவிட்டு வரும் சிறு விவசாயி, தன் கலப்புக் காய்க்கு ஏன் அது கிடைக்கவில்லை என்று திகைக்கிறார். அந்த இடைவெளியை வாரந்தோறும் தமிழில் விளக்கும் பக்கம் ஒன்று இருந்தால், வேளாண்மை பற்றி எழுதுகிறவர்கள் அதைச் சுட்டாமல் இருப்பது கடினம். என்னைக் கேட்டால், வேறு எதையும் தொடங்குவதற்கு முன் இதைத் தொடங்குங்கள்.

எழுதிய பிறகு சொல்லவும் வேண்டும். சமையல் எழுதுகிறவர்கள், தேக்கடிப் பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள், தங்கும் வீடுகள் நடத்துகிறவர்கள் ஆகியோருக்குத் தனித்தனியாக, அவர்களுடைய எந்தப் பக்கத்துக்கு உங்கள் எந்தப் பக்கம் உதவும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அவர்கள் பக்கத்தில் செத்துப்போன இணைப்பு ஏதும் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். அதற்காகவே பதில் எழுதுவார்கள். ஒரு முறைக்கு மேல் நினைவூட்ட வேண்டாம். உங்கள் ஊரில் மலையாளத் தளங்களையும் விட்டுவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. சமையல் எழுதுகிறவருக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் இலவசமாக அனுப்பி, பதிலுக்கு இணைப்புக் கேட்பதும் கூகுள் விதிப்படி விலைக்கு வாங்கியதாகவே கொள்ளப்படும். அனுப்பக் கூடாது என்பதில்லை. அந்த இணைப்பில், தரவரிசைக்குக் கணக்கிட வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறி இடச் சொல்லிவிட வேண்டும். குறியிட்ட இணைப்பு தரவரிசையை உயர்த்தாவிட்டாலும், அதன் வழியாக வாங்குகிறவர் வருவார்.

கேள்வி: எங்கள் தென்னை நாற்றுப் பண்ணையின் தளத்துக்கு, சம்பந்தமே இல்லாத வெளிநாட்டுத் தளங்கள் நூற்றுக்கணக்கில் இணைப்புக் கொடுத்திருக்கின்றன. போட்டியாளர் செய்த வேலையோ என்று பயமாக இருக்கிறது. இவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கூகுளுக்கு நிராகரிப்புப் பட்டியல் கொடுத்துவிடட்டுமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பட்டியலைத் தொட வேண்டாம். 2012 அக்டோபரில் வந்த அந்த நிராகரிப்புக் கருவி, இணைப்புகளைத் தாமே வாங்கிச் சிக்கிக்கொண்டவர்களுக்கானது. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது. குப்பை இணைப்புகளைக் கூகுளே கழித்துவிடும். தளத்தின் நிலையைக் கூகுள் அதன் உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' என்ற நேரடி நடவடிக்கைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே அறிவிப்பு எதுவும் இல்லையென்றால் நாற்றுக்குத் தண்ணீர் விடப் போகலாம். அவசரத்தில் நல்ல இணைப்பையும் சேர்த்து நிராகரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு விசைத்தறித் துணி வியாபாரம். என் மைத்துனர் திருத்தணியில் தையல் கடை வைத்திருக்கிறார். ஒருவர் தளத்தில் மற்றவர் இணைப்பு வைத்துக்கொள்வது குற்றமா?
- வாசகர், நகரி

பதில்: குற்றமில்லை. துணி வாங்குகிறவருக்குத் தையல் கடை தேவைப்படும் என்பதால் அது இயல்பான இணைப்பு. இணைப்புக்காகவே இணைப்பு மாற்றுவதைத்தான் கூகுள் தடுக்கிறது. மைத்துனரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவர் சொன்னார் என்று நாற்பது கடைகளின் பெயரைப் பக்கத்தின் அடியில் வரிசையாகப் போட வேண்டாம்.