வருகிறவர்கள் ஏன் மறுவாரம் வருவதில்லை? தன்னார்வலர் வேலை பற்றிக் கேள்வி பதில்

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் 18 வருடமாக வாலண்டியர்களைச் சேர்ப்பது, வேலை பிரித்துக் கொடுப்பது, கோபித்துக்கொண்டு போனவரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. பிழைப்பு என்றாலும் சம்பளம் கிடையாது. ஏரி, மாலை வகுப்பு, ஆஸ்பத்திரித் துணை என்று எல்லாவற்றிலும் கை வைத்தாயிற்று. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, எங்க ஏரியா வாய்க்காலைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தோம். முதல் ஞாயிறு 43 பேர். நாலாவது ஞாயிறு 6 பேர். ஜனங்களுக்கு அக்கறையே இல்லையா?

அக்கறை இருக்கப்போய்த்தானே தம்பி முதல் வாரம் 43 பேர் வந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நான் ஊகிக்கிறேன்: மண்வெட்டி ஐந்து, பாண்டு சட்டி நான்கு. மீதிப் பேர் கரையில் நின்று வேடிக்கை பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். சும்மா நிற்பதற்கு யாரும் இரண்டாவது தடவை வரமாட்டார்கள். கஷ்டமான வேலை கொடுத்தால்கூட வருவார்கள்.

அதனால் முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு பேர் போய் இடத்தைப் பாருங்கள். எந்த முனையில் எத்தனை பேர், யார் கையில் என்ன சாமான், குப்பையை எங்கே குவிப்பது, அதை அள்ளிப்போக மாநகராட்சி வண்டி வருமா என்பதையெல்லாம் அன்றைக்கே முடிவு பண்ணிவிட வேண்டும். வண்டி வராமல் கரையிலேயே கிடந்த மூட்டை மழையில் திரும்ப வாய்க்காலுக்குள் போனதை நான் பார்த்திருக்கிறேன். மூட்டை கட்டியவர்களும் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவர்களை எந்த முகத்தோடு கூப்பிடுவது?

இன்னொன்று. உங்கள் பக்கம் தறியும் கொலுசுப் பட்டறையும் அதிகம். செய்கிற உருப்படிக்குத்தான் கூலி. ஆர்டர் நெருக்கும்போது ஞாயிறு என்றும் பார்க்க முடியாது. அந்த வீட்டுப் பையனுக்கு அரை நாள் என்பது காசு. அவனிடம் "காலை ஆறிலிருந்து ஏழரை, அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது" என்று சொல்லுங்கள். சொன்னபடி ஏழரைக்கு விட்டுவிடுங்கள். வேலை பாதியில் நின்றாலும் விடுங்கள்.

மூக்கனேரியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 58 ஏக்கர் ஏரி, 2010-ல் சுற்றுச்சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷ் போன்றவர்கள் முன்னின்று, ஊர்க்காரர்கள் பணம் போட்டு, தூர் வாரிய மண்ணையே உள்ளே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். அதில் பலர் கவனிக்காமல் விடுவது, மண் அள்ளியது இயந்திரம். மனிதக் கைகள் செய்தது மரம் நட்டது, பராமரித்தது, காசு சேர்த்தது. இயந்திரம் அரை நாளில் முடிக்கிற வேலைக்கு 40 பேரை நாலு வாரம் கூப்பிட்டால் முதுகு வலிதான் மிஞ்சும்.

கடைசியாக, அந்த 6 பேரைப் போய் 'வெறும் 6 பேர்' என்கிறீர்களே. உங்கள் குழுவே அவர்கள்தான். ஆளுக்கு ஐந்தாறு பேர் நம்பரைப் பிரித்துக் கொடுங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்கவே கூடாது. "அன்றைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். காரணம் தானாக வரும்.

சூரமங்கலம், பெயர் வேண்டாம் என்றவர்: வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கமும் சாமி படமும்தான் ஓடுகிறது. வேலை விஷயம் மூழ்கிப்போகிறது.

இரண்டு குரூப் வையுங்கள். ஒன்றில் அட்மின் மட்டும் எழுத முடியும். தேதி, இடம், நேரம் அதில். இன்னொன்று அரட்டைக்கு. அரட்டையை ஒழிக்கப் பார்க்காதீர்கள். சாமி படம் போடுகிற பெரியவர்தான் ராத்திரி பத்து மணிக்கு 'ஏ பாசிட்டிவ்' ரத்தம் வேண்டும் என்றால் முதலில் ஆள் பிடித்துத் தருவார்.

ஏற்காடு, எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்: கோடை விழா முடிந்ததும் கீழேயிருந்து குழு குழுவாக பிளாஸ்டிக் பொறுக்க வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. காபித் தோட்டத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறார்கள்.

உங்கள் கோபம் நியாயம். நாங்களும் ஆரம்பத்தில் அந்தத் தப்பைச் செய்தவர்கள்தான். மலைக்கு வருகிறவர்களுக்காகச் சில விஷயம் சொல்கிறேன்.

ஊர்ப் பெரியவரையோ ஊராட்சியையோ முதலில் பாருங்கள். நாகலூரோ கொளகூரோ, அது யாரோ வாழ்கிற இடம், உங்கள் சேவைக்குப் போட்ட மேடை இல்லை. பொறுக்கியதை மேலேயே ஓரமாக வைத்துவிட்டு வராதீர்கள். குரங்கு விடிவதற்குள் பிரித்துப் போட்டுவிடும். கீழே கொண்டுவர வண்டி இருந்தால் மட்டும் கிளம்புங்கள். 2019 ஜனவரியிலிருந்து ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அப்படியிருக்க, உங்கள் குழுவுக்கே பிளாஸ்டிக் டம்ளரில் டீ ஊற்றினால் ஊர் சிரிக்காதா? எவர்சில்வர் டம்ளரை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஒரு அடி வைக்கக்கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பிப்ரவரி தொடங்கி மே வரை ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையிலும் புல் காய்ந்துதான் கிடக்கும். காட்டெருமையும் உண்டு. தூரத்தில் நின்று வழிவிட வேண்டிய உயிர் அது, செல்பிக்கு நிற்காது.

அப்புறம் பைக். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கல்லூரிப் பையன்களை ஆளுக்கொரு பைக்கில் வரச் சொல்கிற ஒருங்கிணைப்பாளரை எனக்குப் பிடிக்காது. ஒரு வேன் பிடியுங்கள், காசு இல்லையென்றால் பஸ்ஸில் போங்கள். வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மீது வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. என் குழுவில் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன்.

கல்லூரி மாணவி, கொண்டலாம்பட்டி: நாட்டு நலப்பணித் திட்டத்தில் 2 வருடத்தில் 240 மணி நேரம் முடிக்க வேண்டும் மேடம். சர்டிபிகேட்டுக்காக வருகிறவர்கள் என்று சீனியர்கள் கிண்டல் பண்ணுகிறார்கள்.

பண்ணட்டும் பாப்பா. சர்டிபிகேட்டுக்காக வந்து பத்து வருடமாக என்னோடு இருக்கிறவர்கள் உண்டு. 'சேவை மனப்பான்மை'யோடு வந்து இரண்டு வாரத்தில் காணாமல் போனவர்களும் உண்டு. மணிக்கணக்கை மட்டும் உண்மையாக எழுதுங்கள். ஏழு நாள் முகாமுக்குப் போகிற கிராமத்தில் பெயிண்ட் அடித்துவிட்டு வராமல், ஒரு வீட்டிலாவது திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

அஸ்தம்பட்டி, குழுப் பொருளாளர்: சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் 50,000 ரூபாய் அனுப்புகிறேன் என்கிறார். என் சொந்தக் கணக்கில் வாங்கலாமா?

சொந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம், பணம் சேலத்திலிருந்து வந்தாலும் சரி. நாளைக்கு ஒருவர் கணக்குக் கேட்டால் உங்கள் மளிகைச் செலவும் ஊர்ப் பணமும் ஒரே பாஸ்புக்கில் கிடக்கும். நட்பு போகிற இடம் அதுதான்.

நண்பர் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், பிறந்தது சேலமே ஆனாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு உரிய மத்திய அரசு அனுமதி இல்லாமல் சங்கம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. பேசாமல் அவரை லீவில் வரும்போது ஒரு ஞாயிறு மண்வெட்டி பிடிக்கச் சொல்லுங்கள்.

சங்கமாகப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். அதன் பிறகு வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்தே தீர வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால், ஏற்கெனவே பதிவு செய்த நல்ல சங்கத்தின் கீழ் வேலை செய்வது புத்திசாலித்தனம். எல்லாக் குழுவுக்கும் தனி லெட்டர்பேடு எதற்கு?

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இடம் சொல்லவில்லை: மாலை வகுப்பு நடத்துகிறோம். ஒரு அண்ணன், ரொம்ப நல்லவர், இருட்டிவிட்டால் பிள்ளைகளை ஒவ்வொருவராக பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். சொல்லவும் தயக்கமாக இருக்கிறது.

சொல்லியே ஆக வேண்டும் அம்மா, இன்றைக்கே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். விதி அவருக்காக மட்டும் போடுவதில்லை, அவருக்கு அடுத்து வரப்போகிறவருக்கும் சேர்த்துத்தான். நாளைக்கு யாராவது அவர் மீது பழி போட்டால் அவருக்கும் அதுதான் காப்பு.

எங்கள் விதி எளிது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக்கூடாது. வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தே இருக்கும். ஒருவர் வரவில்லையா, அன்றைக்கு வகுப்பு கிடையாது. இருட்டுவதற்குள் முடித்துவிடுவோம், அழைத்துப்போவது பெற்றோர். பிள்ளைகள் போட்டோவைப் பொதுவில் போடுவதில்லை. ஒரு பிள்ளை ஏதாவது சொல்லி உங்களுக்குச் சந்தேகம் வந்தால், விசாரணை பண்ணுவது உங்கள் வேலை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி, தெரிந்தவர்கள் தகவல் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள் அல்லது காவல் நிலையம் போங்கள். "குழுவின் பேர் கெட்டுவிடும்" என்று யாராவது தடுத்தால் அந்தக் குழுவில் உங்களுக்கு வேலை இல்லை.

அந்த அண்ணனிடம் எப்படிச் சொல்வது? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவான விதியாக எழுதிக் கூட்டத்தில் படியுங்கள். உண்மையிலேயே நல்லவர் என்றால் முதல் கையெழுத்து அவர் போடுவார்.

குகை, ஓய்வு பெற்றவர்: எனக்கு 67. ரத்த தானத்துக்குப் போனேன், வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். என்னால் என்ன செய்ய முடியும்?

ரத்தம் கொடுக்க 65 வயதுதான் வரம்பு ஐயா, வருத்தப்படாதீர்கள். உங்களிடம் இருப்பது பகல் நேரம். இளைஞர்களிடம் இல்லாதது அதுதான். கிராமத்திலிருந்து அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிற பாட்டிக்கு ஓ.பி. சீட்டு எங்கே, ஸ்கேன் எந்தக் கட்டிடம் என்று தெரியாது. கூட நடக்க ஒரு ஆள் கிடைத்தால் அவருக்கு ஒரு நாள் மிச்சம். ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் முறையாகக் கேட்டுவிட்டு வாரம் ஒரு நாள் நில்லுங்கள். மருந்து பற்றி மட்டும் ஆலோசனை சொல்லாதீர்கள். நம் வயதில் அந்த ஆசை வரும்.

செவ்வாய்ப்பேட்டை: உள்ளூர்ப் பிரமுகர் பேனர் வைத்தால்தான் தண்ணீர் லாரி தருவேன் என்கிறார்.

லாரிக்கு நன்றி சொல்லலாம். பேனருக்கு இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்று ஒருவர் பேனர் என்றால் நாளை எதிரணி வாலண்டியர் வரமாட்டார்.

கோரிமேடு, 9 வருடமாக ஒருங்கிணைப்பவர்: எனக்கே அலுத்துவிட்டது. வீட்டில் சண்டை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

மூன்று மாதம் லீவு எடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் எடுக்காமல் ஓட்டியதன் பலனைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம், களைப்பில் கணக்கே இல்லாமல் பிள்ளைகளைப் பதினோரு மணி வரை வெயிலில் நிறுத்திவிட்டேன். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அம்மா என்னைத் திட்டவில்லை, பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கப்புறம் இரண்டு மாதம் நான் எங்கும் போகவில்லை. திரும்பி வந்தபோது, நான் இல்லாமலே வேலை நடந்திருந்தது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

போன் நம்பர்கள், சாவி, வரவுசெலவு நோட்டு மூன்றையும் வெவ்வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரே ஆளிடம் கொடுத்தால் நீங்கள் திரும்பி வரும்போது அவர் அலுத்துப்போயிருப்பார்.

அதே அம்மாப்பேட்டைத் தம்பி மறுபடியும்: சாமான் வாங்கப் பணம் குறைவு அக்கா. டீயா, கையுறையா, எதை முதலில் வாங்குவது?

கையுறை. வாய்க்காலில் உடைந்த பாட்டிலும் ஊசியும் கிடக்கும். ரப்பர் பூச்சு போட்டதாக வாங்குங்கள், துணி உறை நனைந்துவிடும். டீயை அந்தத் தெருக்காரர்களிடம் கேளுங்கள். வாய்க்கால் அவர்கள் வீட்டுக்கு முன்னால்தானே ஓடுகிறது.